மாற்றிய என்ஜினுக்கு ஆக்ஸிஜன் சென்சார் வேண்டுமா?

"ஹெடர் போட்டாச்சு, கேம் மாத்தியாச்சு, ஃபில்டரும் ஓப்பன் ஃபில்டர்தான். இனிமே இந்த ஆக்ஸிஜன் சென்சார் எதுக்குண்ணா, கழட்டிடலாமா?"

சேலத்தில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவன் நான். வண்டியை மாடிஃபை பண்ணும் தம்பிகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். (ஹெடர் என்பது என்ஜினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்கள், கேம் என்பது வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு, ஆக்ஸிஜன் சென்சார் புகைக் குழாயில் இருப்பது.) பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் என்ஜின், சென்சார் செத்துப்போனாலும் எப்படியோ சமாளித்து ஓடிவிடும். கை வைத்த என்ஜினுக்கு அந்த வசதி கிடையாது. மாற்றியவருக்குத்தான் அந்தச் சென்சார் அதிகம் வேண்டும்.

நம் ஊரில் ஓடும் மாருதி பெட்ரோல் வண்டிகள் பலவற்றில், என்ஜினுக்குள் போகும் காற்றை நேரடியாக அளப்பதில்லை. மேப் சென்சார், காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டு குழாயின் அழுத்தத்தைச் சொல்கிறது. இன்னொரு சென்சார் காற்றின் வெப்பத்தைச் சொல்கிறது, கிராங்க் சென்சார் ஆர்பிஎம்மைச் சொல்கிறது. இவற்றை வைத்து, பெட்ரோல் அளவை முடிவு செய்யும் கம்ப்யூட்டரான இசியு தன்னிடம் இருக்கும் ஓர் அட்டவணையைப் பார்க்கிறது. இந்த வேகத்தில், இந்த அழுத்தத்தில் இந்த என்ஜின் இவ்வளவு காற்றை இழுக்கும் என்று கம்பெனிக்காரர்கள் ஓட்டிப் பார்த்து எழுதிவைத்த அட்டவணை அது. அவர்கள் போட்ட கேம், அவர்கள் போட்ட மேனிஃபோல்டு, அவர்கள் போட்ட சைலன்சர் எல்லாம் சேர்ந்து வந்த கணக்கு. கேமை மாற்றிவிட்டால் அந்த எண்கள் வேறு ஏதோ ஓர் என்ஜினுடைய எண்கள் ஆகிவிடுகின்றன. இசியுவுக்கு அது தெரியாது. மற்ற சென்சார்கள் சொல்வதை வைத்து இசியு போடுவது ஒரு கணக்கு. அந்தக் கணக்கு சரியா என்று எரிந்த புகையைப் பார்த்துச் சொல்வது ஆக்ஸிஜன் சென்சார் ஒன்றுதான்.

அது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மேலே பேசுவது புரியாது. உள்ளே இருப்பது சிர்கோனியா என்ற பீங்கான். அதன் ஒரு பக்கம் சைலன்சர் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. 300 டிகிரிக்கு மேல் சூடானதும் இரண்டு பக்கமும் உள்ள ஆக்ஸிஜன் வித்தியாசத்துக்கு ஏற்ப வோல்டேஜ் தரும். பெட்ரோல் அதிகமாகி ரிச்சாக ஓடினால் 0.9 வோல்ட் அளவுக்கு ஏறும். பெட்ரோல் குறைந்து லீனாக ஓடினால் 0.1-க்கு இறங்கும். நடுவில் 0.45. இந்த ஏற்ற இறக்கம் மெதுவாக நடக்காது, ஒரு பங்கு சுத்தமான பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற இடத்தில் சட்டென்று மாறிவிடும். 1976-ல் வால்வோ காரில் பாஷ் கம்பெனியின் இந்தச் சென்சார் முதன்முதலாக வந்ததே கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்காகத்தான். மூன்று விதமான நச்சுப் புகையையும் ஒன்றாகச் சுத்தம் செய்ய, கன்வெர்ட்டருக்கு அந்த 14.7-ஐ ஒட்டிய குறுகலான இடத்திலேயே கலவை நிற்க வேண்டும்.

அதனால்தான் நம் தம்பிகள், "கேட்டையே எடுத்துட்டோம், சென்சார் எதுக்கு?" என்கிறார்கள். கேட் என்று அவர்கள் சொல்வது அந்தக் கன்வெர்ட்டரைத்தான். முதலில் அதை எடுத்ததே தப்பு, அதை அப்புறம் சொல்கிறேன். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது சென்சார் என்றால் அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு, அதன் முக்கிய வேலை கன்வெர்ட்டரைக் கண்காணிப்பதுதான். முன்னால் இருக்கும் சென்சாரின் கதை வேறு. பெட்ரோல் அளவை நொடிக்கு நொடி திருத்துவது அதன் பேச்சைக் கேட்டுத்தான்.

ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்து ஜிப்சி என் கடைக்கு வந்தது. 1.3 லிட்டர் 16 வால்வு எம்பிஎஃப்ஐ என்ஜின், அதாவது கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டரில் ஓடுவது. வேறொரு பட்டறையில் சிலிண்டரைக் கடைந்து போரிங் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, வால்வை அதிகம் திறக்கும் லிஃப்ட் அதிகமான கேம் மாட்டி, 4-க்கு-1 ஹெடரும் பண்ணிக் கொடுத்திருந்தார்கள். வெல்டிங் வேலை அருமையாக இருந்தது. ஆனால் ஹெடரில் சென்சாருக்கு நட்டு வைக்கவே இல்லை. சென்சாரை கேபிள் டை போட்டு ஃபயர்வால் ஓரம் தொங்கவிட்டிருந்தார்கள், வயர் இணைப்பான கப்ளர் மட்டும் மாட்டியபடி. கப்ளரைக் கழற்றினால் செக் லைட் எரியும், மாட்டியிருந்தால் எரியாது என்ற யோசனை.

வண்டியை ஓட்டி வந்தவர் தோட்டக்காரர், மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "முன்ன லிட்டருக்கு பத்து, பதினொன்னு குடுத்துட்டு இருந்ததுங்க. இப்ப ஆறு வந்தாலே பெருசு. ஆயில் கேஜை இழுத்தா பெட்ரோல் வாடை வருது" என்றார். மகன், "பிக்கப் நல்லா இருக்குண்ணா" என்றான். பிளக்கைக் கழற்றினேன். நாலும் கரி.

என்ன நடந்தது என்றால், அது நாலு வயர் சென்சார். உள்ளேயே ஹீட்டர் உண்டு. புகையில் இல்லாவிட்டாலும் ஹீட்டர் அதைச் சூடாக்கிவிடும். சூடான சென்சாருக்கு இப்போது இரண்டு பக்கமும் வெளிக்காற்று, வித்தியாசமே இல்லை. ஆகவே வோல்டேஜும் கிட்டத்தட்ட பூஜ்யம். இசியுவுக்கு அதன் அர்த்தம், "என்ஜின் ரொம்ப லீன், பெட்ரோலைக் கூட்டு." கூட்டுகிறது. சென்சார் அப்படியே பூஜ்யத்தில் நிற்கிறது. இன்னும் கூட்டுகிறது. பொதுவாக 20, 25 சதவீதம் என்ற எல்லை வரைக்கும் இசியு போய்விடும், அதுக்கு மேல் போக வழியில்லாமல் நிற்கும். அந்தப் பெட்ரோல் முழுவதும் எரியாது. சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே சம்ப்புக்குப் போகும். புதிதாக போரிங் செய்த என்ஜினில், ரிங் இன்னும் செட்டாகாத நேரத்தில், இதைவிடக் கெடுதல் வேறு இல்லை. எனக்கு அந்த வண்டியைப் பார்த்து மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அவ்வளவு செலவு செய்து கட்டிய என்ஜின், ஒரு நட்டு வைக்காததால் தன்னைத்தானே தேய்த்துக்கொண்டிருந்தது.

கப்ளரைக் கழற்றி எறிந்திருந்தால்கூட இதைவிடப் பரவாயில்லை. செக் லைட் எரிந்திருக்கும், இசியு சென்சாரை நம்பாமல் தன் அட்டவணையை மட்டும் பார்த்து ஓடியிருக்கும். தப்பான அட்டவணைதான், ஆனாலும் தப்புக்கு மேல் தப்பாக ஏறிக்கொண்டே போயிருக்காது.

நாலு குழாயும் ஒன்று சேரும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு நட்டை ஆர்கான் வெல்டிங்கில் வைத்தோம். இந்தச் சென்சார்களுக்குப் பெரும்பாலும் 18 மி.மீ. மரை, 1.5 பிட்ச். ஒற்றைக் குழாயில் வைத்தால் ஒரு சிலிண்டரின் புகை மட்டும்தான் தெரியும், சேருமிடத்துக்குப் பிறகு வைத்தால்தான் நாலும் தெரியும். குழாயின் அடியில் வைக்கக்கூடாது. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது சைலன்சரில் தண்ணீர் கோக்கும், அந்தத் தண்ணீர் சூடான பீங்கானில் பட்டால் விரிசல் விடும். பக்கவாட்டிலிருந்து மேல்நோக்கிக் குறைந்தது 10 டிகிரியாவது சாய்ந்திருக்க வேண்டும். ஹெடர் ஜாயின்டில் சாதாரண சிலிக்கான் பேஸ்ட்டைப் பூசாதீர்கள், அதன் ஆவியே சென்சாரைக் கெடுத்துவிடும்.

சென்சார் புகைக்குள் போனதும் இசியு பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற திருத்த எண்களை ஸ்கேனரில் பார்த்தேன். பாதி த்ராட்டிலில் 8, 9 சதவீதம் கூட்டிக்கொண்டு ஓடியது. கேமும் போரிங்கும் ஹெடரும் சேர்ந்து அந்த அளவுக்கு அதிகக் காற்றை இழுக்கின்றன என்று அர்த்தம். இதை நாம் எந்த மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கண்டுபிடித்திருக்க முடியும்? சென்சார் தானாகச் சொல்லிவிட்டது.

சரி, இதோடு எல்லாம் முடிந்ததா என்றால் இல்லை. கம்பெனி சென்சாருக்கு ஒரு பெரிய குறை உண்டு. 14.7-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும்தான் அதற்குச் சொல்லத் தெரியும். ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தால் டர்போ இல்லாத என்ஜினுக்கு 12.5-லிருந்து 13 வரை வேண்டும், டர்போ என்றால் இன்னும் ரிச்சாக. அங்கே இந்தச் சென்சார் 0.9-ஐ ஒட்டி நின்றுகொண்டு "ரிச்" என்று மட்டும் சொல்லும். 12-ஆ, 13.5-ஆ என்று தெரியாது. அதனால் ஃபுல் த்ராட்டிலில் கம்பெனி இசியுவே இதன் பேச்சைக் கேட்பதில்லை, அட்டவணையைப் பார்த்துத்தான் ஓடும். மாற்றிய என்ஜினில் அட்டவணை தப்பு. ஆக மிக அதிகச் சூடும் மிக அதிக அழுத்தமும் இருக்கும் நேரத்தில், யாரும் பார்க்காமல் என்ஜின் ஓடுகிறது. லீனாகப் போனால் தட்டும் சத்தம் வரும், பிஸ்டன் ஓட்டையாகும்.

இங்கேதான் வைட்பேண்ட் சென்சார் வருகிறது. 10-லிருந்து 20 வரைக்கும் கலவையை எண்ணாகவே சொல்லும். மாடிஃபை செய்தவர், "எனக்கு ஒரே ஒரு மீட்டர்தான் வாங்க முடியும்" என்றால், பூஸ்ட் மீட்டருக்கும் ஆயில் பிரஷர் மீட்டருக்கும் முன்னால் இதை வாங்கச் சொல்வேன். வைட்பேண்ட் கன்ட்ரோலர்கள் பலவற்றில், பழைய சென்சாரைப் போலவே 0-லிருந்து 1 வோல்ட் சிக்னல் தரும் இன்னொரு வயரும் இருக்கும். அதை கம்பெனி இசியுவுக்குக் கொடுத்துவிடலாம். ஒரே நட்டு, இரண்டு வேலை. ஜிப்சிக்கும் அப்படித்தான் செய்தோம்.

அப்புறம் மலை. சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவு உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். அடிவாரத்தில் ஆரம்பித்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் காற்றின் அழுத்தம் 13, 14 சதவீதம் குறைந்துவிடுகிறது. மேலே குளிர்ச்சி என்பதால் காற்று கொஞ்சம் அடர்த்தியாகும், அதைக் கழித்தாலும் 10 சதவீதம் அளவுக்குக் காற்று குறைவு. மேப் சென்சார் உள்ள வண்டி இதில் பெரும்பகுதியைத் தானே பார்த்துக்கொள்ளும், மிச்சத்தை ஆக்ஸிஜன் சென்சார் சரிசெய்யும். ஆனால் பெரிய கேம் போட்டு மேனிஃபோல்டு வேக்கம் நிலையில்லாமல் ஆடுகிறது என்று சிலர் மேப்பை விட்டுவிட்டு, த்ராட்டில் திறப்பையும் ஆர்பிஎம்மையும் மட்டும் வைத்து டியூன் பண்ணுகிறார்கள். மெகாஸ்க்விர்ட், ஸ்பீடுயினோ போன்ற, நாமே டியூன் பண்ணக்கூடிய இசியுக்களில் இப்படி ஓட்டலாம். வெளிக்காற்றின் அழுத்தத்தை அளக்கும் சென்சாரும் இல்லை, ஆக்ஸிஜன் சென்சாரும் இல்லை என்றால் அந்த வண்டிக்குக் கீழே சேலம் அஸ்தம்பட்டியும் மேலே ஏற்காடு ஏரியும் ஒன்றுதான். கீழே சரியாக டியூன் பண்ணினால் மேலே போகும்போது ரிச்சாகும், பிளக் கரியாகும், அதோடு போயிற்று. மேலே தோட்டத்தில் வைத்து டியூன் பண்ணிவிட்டுச் சித்திரை வெயிலில் சேலத்துக்கு இறங்குவதுதான் ஆபத்து. மேலே 13 இருந்த இடத்தில் கீழே 14-ஐத் தாண்டிவிடும், அதுவும் 40 டிகிரி வெயிலில், சீலநாயக்கன்பட்டி பைபாஸில் மிதித்துக்கொண்டு போகும்போது.

மலை இறங்கும்போது இன்னொன்று நடக்கும், வைட்பேண்ட் புதிதாகப் போட்டவர்கள் போன் பண்ணிக் கேட்பது. இரண்டாவது கியரில், காலை எடுத்துவிட்டு இறங்கும்போது மீட்டர் 20-ஐத் தாண்டிப் போய்விடும். பயப்பட வேண்டாம். அந்த நேரத்தில் இசியு இன்ஜெக்டரையே நிறுத்திவிடுகிறது, உள்ளே போவதும் வெளியே வருவதும் வெறும் காற்று. சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், ஃபுல் த்ராட்டில் சோதனையை மலைப்பாதையில் செய்யாதீர்கள். பஸ் வரும், குரங்கு குறுக்கே ஓடும், குடும்பத்தோடு ஸ்கூட்டரில் வருபவர்கள் இருப்பார்கள். வண்டியை நின்ற இடத்திலேயே உருளைமேல் ஓட்டிப் பார்க்கும் டைனோ இருக்கும் இடத்துக்குப் போய்ச் செய்யுங்கள்.

சென்சார் சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாத இடங்களும் உண்டு. அது பார்ப்பது ஆக்ஸிஜனை, பெட்ரோலை அல்ல. ஒரு பிளக் மிஸ்ஸிங் ஆனால் எரியாத பெட்ரோலும் எரியாத ஆக்ஸிஜனும் சேர்ந்தே வெளியே வரும். சென்சார் ஆக்ஸிஜனைப் பார்த்து "லீன்" என்று சொல்லும், இசியு இன்னும் பெட்ரோலைக் கூட்டும். ஹெடர் பேக்கிங்கில் சின்ன லீக் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு அதே கதை. பெரிய கேமில் இரண்டு வால்வும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம் அதிகம், ஐடிலிங்கில் எரியாத கலவை நேராக சைலன்சருக்குப் போய்விடும், அப்போதும் பொய்யாக லீன் காட்டும். அப்படிப்பட்ட என்ஜினில் ஐடிலிங்கில் மட்டும் சென்சார் திருத்தத்தை நிறுத்திவைத்து, மற்ற இடத்தில் வைத்துக்கொள்வதுதான் சரி. இந்தப் பிரச்சினையைக் காரணம் காட்டிச் சென்சாரையே வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

"பழைய வண்டியெல்லாம் சென்சார் இல்லாமத்தானே ஓடுச்சு?" என்பார்கள். ஓடியது. செவ்வாய்ப்பேட்டையில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி, பிளக்கின் நிறத்தைப் பார்த்தே கார்புரேட்டர் ஜெட்டை மாற்றச் சொல்வார். ஏற்காட்டிலேயே நிற்கும் அம்பாசிடருக்கு ஒரு ஜெட், சேலம் வண்டிக்கு வேறொரு ஜெட் என்று வைத்திருப்பார். அந்தத் திறமைக்கு நான் இன்றும் தலை வணங்குகிறேன். ஆனால் அவரும் வண்டியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, ஆறவிட்டுத்தான் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்ததை ஓடும்போதே காட்டுகிற கருவி இது. கார்புரேட்டர் வண்டி இன்றும் வைத்திருப்பவர்களுக்கு நிரந்தரச் சென்சார் கட்டாயமில்லை, ஜெட் மாற்றும்போது மட்டும் வைட்பேண்ட் மாட்டிப் பார்த்தால் போதும்.

எம்பிஎஃப்ஐ வண்டிக்கும் அப்படியே செய்தால் என்ன, டியூன் பண்ணும்போது மட்டும் போட்டுவிட்டு அப்புறம் எடுத்துவிடலாமே என்று ஒரு தம்பி கேட்டான். பெட்ரோலும் காற்றும் மாறாமல் இருந்தால் செய்யலாம். பெட்ரோலே மாறிவிட்டதே! 2022-ல் 10 சதவீத எத்தனால், 2023-ல் 20 சதவீத எத்தனால் கலந்த இ20 விற்பனை ஆரம்பம், 2025-க்குள் எல்லா பெட்ரோல் பங்க்கிலும் அதுதான் என்று ஆகிவிட்டது. சுத்தமான பெட்ரோலுக்கு 14.7 என்றால், எத்தனாலுக்கு 9, இ20-க்கு 13.5 அளவு. 10 சதவீத எத்தனாலுக்கு டியூன் பண்ணி, சென்சாரை எடுத்துவிட்ட என்ஜின், இ20 போட்டதும் 4, 5 சதவீதம் லீனாக ஓடும். முழு பெட்ரோலுக்கு டியூன் பண்ணியது என்றால் 9 சதவீதம். சென்சார் உள்ள வண்டி இரண்டு டேங்க் போவதற்குள் தானாகக் கற்றுக்கொண்டிருக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, வண்டியைக் கம்பெனி கொடுத்ததிலிருந்து இஷ்டத்துக்கு மாற்ற அனுமதிப்பதில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். பிஎஸ்4 பெட்ரோல் காருக்குப் புகைச் சோதனையில் ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 2,500 ஆர்பிஎம்மை ஒட்டி ஓட்டும்போது கலவை சரியான அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது. சென்சார் இல்லாமல் அந்த 3 சதவீதத்துக்குள் ஒரு என்ஜினைத் தொடர்ந்து நிறுத்த முடியாது. ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் அந்தக் காற்றுக்காகத்தான் போகிறார்கள், அங்கே கேட் இல்லாத வண்டியை ஓட்டுவது எனக்குப் பிடிக்காது. ஜிப்சிக்கு கன்வெர்ட்டரைத் திரும்ப மாட்டினோம். கம்பெனி கேமையும் திரும்பப் போடச் சொன்னேன். தோட்டத்தில் உரமூட்டையை ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் போகும் வண்டிக்குக் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை வேண்டும், அந்தக் கேம் மேலேதான் வேலை செய்யும். மகனுக்கு முதலில் வருத்தம்தான். மீட்டரைப் பார்த்துக்கொண்டே நாகலூர் வரை ஓட்டிப்போய்விட்டு, "இப்பதான்ணா வண்டி என்ன பண்ணுதுன்னு தெரியுது" என்று போன் பண்ணினான்.

வயரிங் பற்றிக் கொஞ்சம், என் தொழில் அது. பழைய வகைச் சென்சாரின் வயரை வெட்டி ஈயம் வைத்து ஒட்டாதீர்கள். அதற்கு வேண்டிய வெளிக்காற்று பெரும்பாலும் வயரின் இழைகளுக்கு நடுவில்தான் உள்ளே போகிறது, ஈயம் அதை அடைத்துவிடும். டெர்மினல் வைத்து அழுத்திக் கிரிம்ப் பண்ணுங்கள். எல்எஸ்யு 4.9 போன்ற வைட்பேண்டில் கப்ளரை வெட்டவே கூடாது, ஒவ்வொரு சென்சாருக்கும் அளந்து வைத்த ரெசிஸ்டர் அந்தக் கப்ளருக்குள்தான் இருக்கிறது. வெட்டினால் மீட்டரில் எண் வரும், ஆனால் அது தப்பான எண்ணாக இருக்கும். இன்னொன்று, வைட்பேண்டை சைலன்சரில் மாட்டிவிட்டுக் கரன்ட் கொடுக்காமல் வண்டியை ஓட்டாதீர்கள். ஹீட்டர் வேலை செய்யாத சென்சாரில் கரி படிந்து சீக்கிரமே கெட்டுவிடும். கன்ட்ரோலர் வர இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்றால், அதுவரைக்கும் நட்டில் ஒரு போல்ட்டைப் போட்டு மூடிவையுங்கள்.